வாயால் கேட்டது கணக்கில் வராது: கலிஃபோர்னியா தொடக்கப் பள்ளியில் சிறப்புக் கல்வி உதவி பெறுவது எப்படி?

என் மகன் கோவையில் ஒன்றாம் வகுப்பை முடித்துவிட்டு, ஆகஸ்ட் மாதம் சாந்தா கிளாரா கவுண்டியில் ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்பு சேர்ந்தான். செப்டம்பர் கடைசியிலேயே, “இவனுக்குத் தனியாக ஏதாவது உதவி வேண்டும்” என்று டீச்சரிடம் கேட்டுவிட்டேன். முதல் ஸ்பீச் தெரபி வகுப்பு கிடைத்தது அடுத்த ஆண்டு ஆகஸ்டில். கவுன்சிலிங் கிடைக்க நவம்பர் ஆகிவிட்டது. தாமதத்தில் ஒரு பாதி பள்ளி இழுத்தடித்தது. மறுபாதி, எனக்கு நடைமுறை தெரியாமல் நானே விட்டது. உங்களுக்கு அந்த இரண்டாவது பாதியாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்லியிருப்பது கலிஃபோர்னியா நடைமுறை. அடிப்படைச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான், ஆனால் நாள் கணக்கு மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். எச்1பி, எச்4, எந்த விசாவாக இருந்தாலும் பள்ளி அதைக் கேட்கக் கூடாது. சிறப்புக் கல்வி என்பது அரசு தரும் பண உதவி அல்ல, இலவசப் பள்ளிக் கல்வியின் ஒரு பகுதி. 3 வயது முதல் 22 வயது வரை தகுதியுள்ள பிள்ளைக்கு அது உரிமை. “கேட்டால் கிரீன் கார்டுக்குச் சிக்கல் வரும்” என்று பூங்காவில் ஒரு அக்கா சொன்னதைக் கேட்டு நான் ஒரு மாதம் வாய் திறக்காமல் இருந்தேன். அது வீணாகப் போன மாதம்.

1. ஊரிலிருந்து கொண்டுவர வேண்டிய காகிதங்கள்

பள்ளியில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, வீட்டு முகவரிச் சான்று போதும். சிறப்புக் கல்விக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். பழைய பள்ளியின் மதிப்பெண் அட்டை, அதில் டீச்சர் கையால் எழுதிய குறிப்பு இருந்தால் இன்னும் நல்லது. ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி எங்கே எத்தனை மாதம் போனீர்கள் என்பதற்கான கடிதம். குழந்தைகள் நல மருத்துவர் எழுதிய பழைய சீட்டு. நம் ஊர் அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால் மொழிபெயர்ப்புச் செலவு கிடையாது.

இந்திய மாற்றுத்திறனாளி அட்டை இருந்தால் அதற்கு இங்கே தனி அதிகாரம் இல்லை. அதற்காக வாங்கிய மருத்துவ அறிக்கைதான் பயன்படும். எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வையுங்கள். இனி வரும் ஒவ்வொரு காகிதமும் அதே ஃபைலுக்குள்தான்.

2. “வீட்டில் என்ன மொழி?” என்ற படிவம்

சேர்க்கும் நாளில் வீட்டு மொழி பற்றி ஒரு படிவம் தருவார்கள். உண்மையை எழுதுங்கள். தமிழ் என்று எழுதினால், சேர்ந்த 30 நாட்களுக்குள் எல்பாக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு வைப்பார்கள். அதில் தப்பில்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான் வரும். பிள்ளை பேசத் திணறினால், வாசிக்கத் திணறினால், எல்லாவற்றுக்கும் “ஆங்கிலம் புதிது, ஒரு வருடம் பொறுங்கள்” என்ற ஒரே பதில் வரும்.

ஆங்கிலம் தெரியாததை மட்டும் வைத்து ஒரு பிள்ளைக்குக் குறைபாடு என்று சொல்லக் கூடாது, அது சரியான சட்டம். ஆனால் ஆங்கிலம் கற்கும் பிள்ளை என்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப் போடவும் கூடாது. இங்கே நம் கையில் இருக்கும் வலுவான சான்று, தமிழிலும் அதே சிரமம் இருப்பதுதான். என் மகனுக்கு ஆங்கிலத்தில் மட்டுமில்லை, தமிழிலும் மூன்று வாக்கியத்தைக் கோர்வையாகச் சொல்ல வராது. “இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?” என்று கேட்டால் நடுவிலிருந்து ஆரம்பிப்பான், யார் அடித்தது, யார் அழுதது என்பது நமக்குப் புரியாது. இதை நான் எழுதிக் கொடுத்த பிறகுதான் “ஆங்கிலம் புதிது” என்ற பேச்சு நின்றது. நீங்களும் ஒரு வாரம் கவனித்து நாலைந்து உதாரணங்களைத் தேதியோடு குறித்து வையுங்கள்.

இன்னொன்று. “வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்” என்று யாராவது அறிவுரை சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு மொழி பேசுவதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. பாட்டியோடு பேச ஒரு மொழி இருக்கட்டும்.

3. கடிதம் எழுதுங்கள், வாயால் கேட்காதீர்கள்

மொத்த விஷயமும் இந்தப் படியில்தான் இருக்கிறது. நான் டீச்சரிடம் வாசலில் கேட்டேன், பெற்றோர் சந்திப்பில் கேட்டேன், பிரின்சிபாலிடமும் ஒருமுறை கேட்டேன். எல்லோரும் அன்பாகத் தலையாட்டினார்கள். சட்டப்படி அதில் எதுவுமே தொடங்கவில்லை. எழுத்தில் கேட்ட நாளிலிருந்துதான் கடிகாரம் ஓடும். வாயால் கேட்பவருக்கு அதை எழுத்தில் தர ஊழியர்கள் உதவ வேண்டும் என்று விதி இருக்கிறது. எனக்கு அப்படி யாரும் உதவவில்லை.

கடிதம் சின்னதாக இருக்கலாம். என்னுடையதன் சாரம் இது:

“என் மகன், இரண்டாம் வகுப்பு. சிறப்புக் கல்விக்குத் தகுதி உள்ளவனா என்று முழுமையாகப் பரிசோதிக்கக் கோருகிறேன். பேச்சு, மொழி, வாசிப்பு, மனநிலை, நடத்தை ஆகிய எல்லாவற்றிலும் பரிசோதனை வேண்டும். சிரமத்துக்கான உதாரணங்களைக் கீழே தருகிறேன். 15 நாட்களுக்குள் பரிசோதனைத் திட்டத்தை அனுப்பவும். எங்கள் வீட்டு மொழி தமிழ், எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.”

பிரின்சிபாலுக்கும், அந்தப் பகுதிப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி டிஸ்ட்ரிக்டின் சிறப்புக் கல்வி இயக்குநருக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். பள்ளிக்கு மட்டும் அனுப்பினால் அது யாருடைய மேசையிலாவது தூங்கும்.

கடிதம் போனதும் ஒரு பதில் வர வாய்ப்பு உண்டு: “முதலில் எஸ்எஸ்டி மீட்டிங் வைப்போம், ஆறு வாரம் முயற்சி செய்து பார்ப்போம்.” எஸ்எஸ்டி என்பது டீச்சரும் பிரின்சிபாலும் உங்களோடு உட்கார்ந்து பேசும் பள்ளி அளவிலான கூட்டம். நல்ல விஷயம்தான், போங்கள். ஆனால் அது பரிசோதனைக்கு மாற்று அல்ல, அதைக் காரணம் காட்டிப் பரிசோதனையைத் தள்ளி வைக்கக் கூடாது. “எஸ்எஸ்டிக்கு வருகிறேன், என் கோரிக்கை அப்படியே இருக்கிறது” என்று பதில் போடுங்கள். பரிசோதனை தேவையில்லை என்று மறுத்தால் அந்த மறுப்பையும் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டியது அவர்கள் கடமை. அதைக் கேட்டாலே பல சமயம் மறுப்பு காணாமல் போய்விடும்.

4. நாள் கணக்கு

கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பரிசோதனைத் திட்டம் உங்கள் கைக்கு வர வேண்டும். படித்துப் பார்க்க உங்களுக்குக் குறைந்தது 15 நாள் உண்டு. நீங்கள் கையெழுத்திட்டது அவர்கள் கைக்குப் போனதிலிருந்து 60 நாட்களுக்குள் பரிசோதனைகளை முடித்து, பிள்ளைக்கான தனித் திட்டத்தை (ஐஇபி) எழுதும் மீட்டிங்கும் நடத்தியாக வேண்டும். எல்லாமே காலண்டர் நாட்கள், சனி ஞாயிறும் சேர்த்து. 5 பள்ளி நாட்களுக்கு மேல் நீளும் விடுமுறை மட்டும் கணக்கில் வராது. அதாவது டிசம்பரின் இரண்டு வார விடுமுறையும் கோடை விடுமுறையும்.

இதிலிருந்து தெரியும், கடிதம் கொடுக்கச் சிறந்த காலம் செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை. பள்ளி ஆண்டு முடிய 30 நாளோ அதற்குக் குறைவோ இருக்கும்போது கேட்டால், மீட்டிங் அடுத்த ஆண்டு பள்ளி தொடங்கி 30 நாட்களுக்குள் நடந்தால் போதும். மே மாதம் கேட்பதும் ஆகஸ்டில் கேட்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நான் மார்ச் இரண்டாம் வாரம் கொடுத்தேன், மீட்டிங் மே கடைசியில் நடந்தது.

5. பரிசோதனைத் திட்டத்தில் கட்டங்களைப் பாருங்கள்

இரண்டு பக்கத் தாள்தான். படிப்பு, உடல்நலம், அறிவுத்திறன், பேச்சும் மொழியும், உடல் அசைவு, மனநிலையும் நடத்தையும், அன்றாடத் திறன் என்று கட்டங்கள் இருக்கும். எதில் டிக் இருக்கிறதோ அதை மட்டும்தான் பரிசோதிப்பார்கள்.

என் தாளில் பேச்சுக்கும் படிப்புக்கும் டிக் இருந்தது. மனநிலைக்கு இல்லை. என் மகனோ அப்போது காலையில் வயிற்று வலி என்று அழுது, வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கே போகாத நிலையில் இருந்தான். கடிதத்தில் கேட்டிருந்தேன், ஆனால் தாளைச் சரிபார்க்காமல் சந்தோஷத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டேன். விளைவு, மே மீட்டிங்கில் மனநிலை பற்றி ஒரு வரி கூட இல்லை. மறுபடி தனித் திட்டம், தனிக் கையெழுத்து, கோடை முடிந்து இன்னொரு 60 நாள். கவுன்சிலிங் நவம்பருக்குப் போனது இப்படித்தான். கட்டம் விடுபட்டிருந்தால் கையெழுத்துப் போடும் முன்பே “இதையும் சேர்த்துத் தாருங்கள்” என்று மின்னஞ்சல் போடுங்கள்.

6. செலவு

பள்ளி செய்யும் பரிசோதனை, மீட்டிங், மொழிபெயர்ப்பாளர், ஐஇபியில் எழுதிய தெரபி எதற்கும் ஒரு டாலர் கூட நீங்கள் தர வேண்டியதில்லை. வெளியே தனியார் சைக்காலஜிஸ்டிடம் முழுப் பரிசோதனை செய்தால் பல ஆயிரம் டாலர் ஆகும். அதை முதலில் செய்யாதீர்கள், பள்ளியில் கேட்பதற்கு அது தேவையே இல்லை.

டாக்டர் தரும் நோய்ப்பெயரும் பள்ளி தரும் தகுதியும் வேறு வேறு. ஆட்டிசம், ஏடிஎச்டி என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாலும், அது படிப்பையும் பள்ளி வாழ்க்கையையும் பாதிக்கிறதா என்று பள்ளி தனியாகப் பார்க்கும். மறுபக்கம், ஏபிஏ எனும் நடத்தைப் பயிற்சி போன்ற தெரபிக்கு இன்சூரன்ஸ் பணம் தர வேண்டுமானால் மருத்துவரின் நோய்ப்பெயர் வேண்டும், பள்ளி அறிக்கை போதாது. வளர்ச்சிக் குறைபாடு இருக்கலாம் என்று தோன்றினால், அத்தகையவர்களுக்குச் சேவை தரும் ரீஜனல் சென்டரிலும் தனியாக விண்ணப்பியுங்கள். சாந்தா கிளாரா கவுண்டிக்கு அது சான் ஆண்ட்ரியாஸ் ரீஜனல் சென்டர். 3 வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்குப் பள்ளியை விட்டுவிட்டு நேரே அங்கேதான் போக வேண்டும்.

7. ஐஇபி மீட்டிங்

ஐஇபி என்பது உங்கள் பிள்ளைக்கென்று தனியாக எழுதும் திட்டம். மேசையைச் சுற்றி வகுப்பு டீச்சர், சிறப்புக் கல்வி ஆசிரியர், பள்ளி சைக்காலஜிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட், டிஸ்ட்ரிக்ட் சார்பில் ஒரு நிர்வாகி என்று ஐந்தாறு பேர் இருப்பார்கள். எதிரே நீங்கள் ஒருவர். கணவரையோ ஒரு தோழியையோ கூட்டிக்கொண்டு போங்கள். பேசுவதற்கு இல்லை, குறிப்பெடுப்பதற்கு.

மீட்டிங்குக்குச் சில நாள் முன்பே பரிசோதனை அறிக்கைகளை அனுப்பும்படி எழுத்தில் கேளுங்கள். பிள்ளையின் பள்ளிப் பதிவுகளை எழுத்தில் கேட்டால் 5 வேலை நாட்களுக்குள் தர வேண்டும். 24 மணி நேரத்துக்கு முன்பு சொல்லிவிட்டால் மீட்டிங்கை ஒலிப்பதிவு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. நாம் பதிவு செய்தால் அவர்களும் செய்வார்கள், பரவாயில்லை.

மொழிபெயர்ப்பாளரை ஒரு வாரம் முன்பே மறுபடி ஞாபகப்படுத்துங்கள். எனக்கு வந்தவர் தொலைபேசியில் பேசினார், நல்ல மனிதர். ஆனால் “கோல்” என்ற சொல்லை ஒவ்வொரு தடவையும் “இலட்சியம்” என்றே சொன்னார். ஏழு வயதுப் பையனின் இலட்சியத்தை ஆறு பேர் ஏன் இவ்வளவு தீவிரமாக விவாதிக்கிறார்கள் என்று பத்து நிமிடம் எனக்கு விளங்கவில்லை. ஐஇபியில் கோல் என்றால் ஒரு வருடத்துக்குள் பிள்ளை எட்ட வேண்டிய, அளந்து பார்க்கக்கூடிய ஒரு திறன். “வாசிப்பு மேம்படும்” என்பது கோல் இல்லை. இப்போது நிமிடத்துக்கு எத்தனை சொல் வாசிக்கிறான், அடுத்த மே மாதம் எத்தனை வாசிக்க வேண்டும், அதுதான் கோல்.

உதவிப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். வாரத்துக்கு எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம், தனியாகவா குழுவிலா, வகுப்புக்குள்ளேயா வெளியே கூட்டிப் போயா, எந்தத் தேதியிலிருந்து. “தேவைப்படும்போது” என்று எழுதியிருந்தால் நடைமுறையில் அது எப்போதும் தேவைப்படாது.

அன்றைக்கே ஒப்புதல் கையெழுத்து வேண்டாம். வந்ததற்கான கையெழுத்து வேறு, திட்டத்துக்கு ஒப்புதல் வேறு, இரண்டும் பெரும்பாலும் ஒரே பக்கத்தில் இருக்கும். எங்கே போடுகிறோம் என்று பார்த்துப் போடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க வேண்டும் என்று சொல்லலாம். தமிழில் ஐஇபி வேண்டும் என்று கேட்டால் தர வேண்டும், என்ன, கொஞ்ச நாள் ஆகும். முழுவதும் பிடிக்கவில்லை என்றாலும் எல்லாவற்றையும் நிறுத்தி வைக்காதீர்கள். “ஸ்பீச்சுக்குச் சம்மதம், இந்தப் பகுதிக்குச் சம்மதம் இல்லை” என்று எழுதிக் கையெழுத்திட்டால், சம்மதித்த பகுதியை அவர்கள் தொடங்கியாக வேண்டும்.

தகுதி இல்லை என்று முடிவு வந்தால் 504 திட்டம் கேளுங்கள். தேர்வுக்குக் கூடுதல் நேரம், முன்வரிசை இடம், நடுவே ஓய்வு போன்ற சலுகைகள் அதில் கிடைக்கும். தனிப் பாடம் பொதுவாக இருக்காது, இவ்வளவு கறாரான நாள் கணக்கும் கிடையாது.

8. மனநல உதவி

நம் வீடுகளில் பேச்சுத் தாமதத்தைக்கூடச் சொல்லிவிடுவோம். பிள்ளை பயப்படுகிறான், இரவில் தூங்குவதில்லை, “நான் வேஸ்ட்” என்கிறான் என்பதை வெளியே சொல்ல நாக்கு எழாது. என் மாமியார் வாட்ஸ்அப்பில் திருஷ்டி சுற்றச் சொன்னார். சுற்றினேன். கடிதமும் எழுதினேன்.

பள்ளியில் இதற்கு மூன்று அடுக்கு. முதலாவது பள்ளி கவுன்சிலர், ஐஇபி இல்லாத பிள்ளையும் போகலாம். டீச்சருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். ஆனால் தொடக்கப் பள்ளிகளில் ஒரே கவுன்சிலர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்ப்பார், அல்லது வாரத்தில் சில நாள்தான் வருவார். இரண்டாவது, ஐஇபியிலேயே நிமிடக் கணக்கோடு எழுதிய கவுன்சிலிங். மூன்றாவது எர்ம்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லும் கல்வி சார்ந்த மனநலச் சேவை. தனித் தெரபி, குடும்பத்துக்கான ஆலோசனை எல்லாம் அதில் வரும். அதற்குத் தனிப் பரிசோதனை, தனிக் கையெழுத்து.

இங்கே பலர் பின்வாங்கும் இடம் ஒன்று உண்டு. தகுதி வகைகளில் ‘உணர்ச்சிக் கோளாறு’ என்ற பெயரில் ஒன்று இருக்கிறது. கவுன்சிலிங் வேண்டுமென்றால் அந்த முத்திரை விழும் என்று பயந்து விட்டுவிடுகிறார்கள். அப்படி இல்லை. பேச்சுக் குறைபாடு, ஆட்டிசம், எந்த வகையில் தகுதி பெற்ற பிள்ளைக்கும் தேவை இருந்தால் கவுன்சிலிங் தரலாம். என் மகனின் தாளில் இன்றைக்கும் பேச்சும் மொழியும் என்றுதான் இருக்கிறது.

பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளை என்றால் விடுப்பில் கவனம் தேவை. காரணம் சொல்லாமல் 3 நாள் வராவிட்டால் இந்த மாநிலத்தில் ‘ட்ரூயன்ட்’ என்று வகைப்படுத்திக் கடிதம் அனுப்புவார்கள். அதைப் பார்த்து நான் பட்ட கலக்கம் கொஞ்சநஞ்சம் இல்லை. மனநலத்துக்காக எடுக்கும் விடுப்பும் 2022 முதல் காய்ச்சலைப் போலவே அனுமதிக்கப்பட்ட விடுப்பு. “உடம்பு சரியில்லை” என்று மழுப்பாமல் “பதற்றத்தால் வர முடியவில்லை” என்றே ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். அந்த மின்னஞ்சல்கள்தான் பிறகு எர்ம்ஸ் கேட்கும்போது சான்றாக நிற்கும்.

பிள்ளை தன்னையே காயப்படுத்திக்கொள்வதாகவோ சாவதைப் பற்றியோ பேசினால் மேலே சொன்ன எந்த நாள் கணக்கும் பார்க்காதீர்கள். 988 என்ற எண்ணை அழையுங்கள், இலவசம், 24 மணி நேரமும் உண்டு. உடனடி ஆபத்து என்றால் 911.

9. ஒத்துப்போகாவிட்டால்

பள்ளியின் பரிசோதனையே சரியில்லை என்று நினைத்தால், வெளியாள் ஒருவரிடம் டிஸ்ட்ரிக்ட் செலவில் பரிசோதனை கேட்கலாம். அவர்கள் பணம் தர வேண்டும், அல்லது தங்கள் பரிசோதனை சரிதான் என்று நிரூபிக்க விசாரணைக்குப் போக வேண்டும். சும்மா மறுத்துவிட்டு இருக்க முடியாது.

நாள் கணக்கை மீறினாலோ, எழுதிய நிமிடங்களைத் தராவிட்டாலோ ஒரு வருடத்துக்குள் மாநிலக் கல்வித் துறைக்குப் புகார் எழுதலாம், கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. பெரிய தகராறு என்றால் 2 வருடத்துக்குள் முறையான விசாரணை கேட்கலாம். அங்கே வக்கீல் செலவு பயமுறுத்தும், அதனால் அதற்கு முன் இலவச சமரசப் பேச்சுக்குக் கேளுங்கள். சான் ஹோசேயில் உள்ள பேரண்ட்ஸ் ஹெல்பிங் பேரண்ட்ஸ் பெற்றோருக்கு வழிகாட்டும் அமைப்பு. டிஸ்எபிலிட்டி ரைட்ஸ் கலிஃபோர்னியாவும் சட்ட உரிமைகளை விளக்கி உதவுகிறது. மணிக்கு நூற்றுக்கணக்கில் வாங்கிக்கொண்டு பெற்றோர் சார்பில் பேசும் தனியார் அட்வகேட்டிடம் போகும் முன் இவர்களிடம் பேசுங்கள்.

10. கையெழுத்துக்குப் பிறகு

ஐஇபியை வருடம் ஒருமுறை மறுபார்வை செய்வார்கள், 3 வருடத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனை. நடுவில் எப்போது வேண்டுமானாலும் நீங்கள் எழுத்தில் கேட்டால் 30 நாட்களுக்குள் மீட்டிங் வைக்க வேண்டும். தெரபி நடந்த தேதிகளை மாதம் ஒருமுறை கேட்டு வாங்குங்கள். தெரபிஸ்ட் விலகி ஆறு வாரம் யாருமே வராதது எனக்குத் தெரிந்தது இப்படித்தான். விட்டுப்போன நிமிடங்களை ஈடுசெய்யச் சொல்லிக் கேட்டேன், வசந்த காலத்தில் கூடுதல் வகுப்பு வைத்துக் கொடுத்தார்கள்.

வீடு மாறுவதாக இருந்தால் கையெழுத்துப் போட்ட ஐஇபியின் பிரதியைக் கையிலேயே எடுத்துச் செல்லுங்கள், புதிய டிஸ்ட்ரிக்ட் முதல் 30 நாள் அதற்கு இணையான உதவியைத் தர வேண்டும். அப்புறம், இங்கே பல டிஸ்ட்ரிக்ட்கள் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். கூபர்டினோ, சன்னிவேல் பக்கம் ஒன்பதாம் வகுப்புக்கு ஃபிரீமாண்ட் யூனியன் என்ற வேறொரு உயர்நிலை டிஸ்ட்ரிக்டுக்குப் போக வேண்டும், ஆட்களும் அலுவலகமும் முழுக்கப் புதிது. எட்டாம் வகுப்பின் ஜனவரியிலேயே, புதிய பள்ளியிலிருந்து ஒருவரை மீட்டிங்குக்கு அழைக்கச் சொல்லி எழுதுங்கள்.